கோயில் ஜீப்பின் விலை

எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்புறம், விறகுக் கொட்டிலை ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கீழ்ப்பழனி மலையிலுள்ள இந்தப் பங்கிற்கு நான் மாற்றலாகி வந்த முதல் நாளன்று, கோயில்பிள்ளை சாவிக்கொத்தை என்னிடம் ஒப்படைத்து, இது நற்கருணைப் பேழைக்கு, இது காணிக்கைப் பெட்டிக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். கடைசியில், "இது கொட்டகைப் பூட்டுக்கு, சாமி. உள்ளே நிற்கிற ஜீப்புக்குச் சாவி கிடையாது" என்றார். யாரோ தொலைத்துவிட்டார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அந்த வண்டிக்கு முதலிலிருந்தே சாவி இல்லையென்பது பிறகுதான் தெரிந்தது. குண்டுகள் விழும் இடத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே போர்க்கால ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாவிக்குப் பதில் ஒரு சிறிய விசையைப் பொருத்திவிட்டார்கள். அதைத் திருப்பி, தரையிலுள்ள ஸ்டார்ட்டர் மிதியைக் காலால் அழுத்தினால் இன்ஜின் உயிர்பெறும். யார் வேண்டுமானாலும் ஓட்டிச் செல்லலாம். அதனால்தான் கொட்டகைக்கு அத்தனை பெரிய பூட்டு.

இந்த வண்டியை வாங்கியவர், இப்பங்கில் நெடுங்காலம் உழைத்து, இங்குள்ள கல்லறைத் தோட்டத்திலேயே துயில்கொள்ளும் ஓர் ஐரோப்பிய மறைபரப்பாளர். போர் முடிந்தபின், அமெரிக்க இராணுவம் நம் நாட்டில் விட்டுச்சென்ற வண்டிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை அவர் எடுத்து வந்தார் என்பது எங்கள் பங்கின் வாய்மொழி மரபு. பழைய கணக்குப் புத்தகத்தில் 'ஜீப் - 1' என்றிருப்பதைத் தவிர எழுத்துச் சான்று ஏதுமில்லை. ஆனால் ஊரில் முதியவர் யாரைக் கேட்டாலும், "அது ஜப்பான்காரனோடு சண்டை போட்ட வண்டி" என்பார்கள். எந்தச் சண்டை, எந்த இடம் என்று மேலும் வினவினால் சற்றுக் கோபித்துக்கொள்வார்கள்.

ஜீப் பிறந்த வரலாறு தனிச்சுவை உடையது. 1940-ஆம் ஆண்டின் கோடையில், போர் தங்களையும் நெருங்குவதை உணர்ந்த அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களாலும் இழுக்கக்கூடிய சிறிய வண்டி ஒன்றைச் செய்து தருமாறு 135 நிறுவனங்களைக் கேட்டது. முதல் மாதிரியை 49 நாட்களில் தர வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்னும் ஊரில், ஏறக்குறைய நொடித்துப்போன நிலையிலிருந்த பாண்டம் என்ற சிறிய நிறுவனம் துணிந்து ஒப்புக்கொண்டது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களிலேயே வரைபடங்களை முடித்தார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடியும் தறுவாயில், வண்டி இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தனை பாடுபட்டவனுக்குக் கூலி என்ன? சிறிய தொழிற்சாலையால் பெருந்தொகையில் செய்து தர இயலாது என்று கருதிய இராணுவம், பாண்டத்தின் வேலையை வில்லிஸ்-ஓவர்லாண்ட், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களுக்கும் காட்டியது. 60 குதிரைச்சக்தி கொண்ட வில்லிஸ் இன்ஜின் மற்றவற்றை விஞ்சியதால் 1941-ல் அதன் வடிவமே தேர்வாயிற்று. தேவை பெருகவே, அதே வடிவில் ஃபோர்டு நிறுவனமும் செய்யலாயிற்று. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. பாண்டம் செய்தவை 3,000-க்கும் குறைவு. அதன்பின் அந்நிறுவனம் ஜீப்புகளுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிறு டிரெயிலர்களைச் செய்து காலங்கழித்தது.

வில்லிஸ் செய்தவற்றுக்கு எம்.பி. என்றும், ஃபோர்டு செய்தவற்றுக்கு ஜி.பி.டபிள்யூ. என்றும் பெயர். ஃபோர்டின் குறியீட்டில் 'ஜி' அரசாங்கத்தைக் குறிக்கும். 'பி' சக்கரங்களுக்கிடையே 80 அங்குலம் என்பதைக் குறிக்கும். 'டபிள்யூ' வில்லிஸின் வடிவம் என்பதற்கு அடையாளம். இந்த மூன்றெழுத்து என் உறக்கத்தைக் கெடுக்கப்போகிறது என்று அப்போது நான் அறிந்திலேன்.

எங்கள் பங்கிற்குக் கிளை ஊர்கள் ஐந்து. மூன்றுக்குத் தார்ச்சாலை உண்டு. மற்ற இரண்டுக்கும் செல்லும் வழி, காப்பித் தோட்டங்களுக்கிடையே மழைநீர் அரித்த பாறைத் தடமாகும். அவ்வழியே மலைவாழைத் தார்களை ஏற்றிவரும் ஜீப்புகள் உண்டு. அவை டீசல் இன்ஜின் பூட்டிய பிற்கால வண்டிகள். கோயில் ஜீப் பெட்ரோலில் ஓடுவது. மாதம் இருமுறை திருப்பலிக்காகவும், அவசரத்துக்கு நோயாளிகளை இறக்கிவரவும் அதைப் பயன்படுத்தி வந்தோம்.

அதை ஓட்டக் கற்றது எனக்கு ஒரு புதுமுக வகுப்பாயிற்று. முதலாவது, ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். நம் சாலையில் இடப்புறமாகச் செல்கையில், பள்ளம் நம் முழங்கையின் கீழே தெரியும். பெட்ரோல் தொட்டியோ ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில். மெத்தையைத் தூக்கித்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். காலருகே மூன்று நெம்புகோல்கள். நீண்டது வழக்கமான கியர். மற்ற இரண்டில் ஒன்று முன்சக்கரங்களுக்கு விசையைத் தருவது. இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் 'லோ'. முன்சக்கரங்களை இணைக்காமல் 'லோ' விழாது. தெரியாத நான், நான்கு சக்கரமும் இழுத்தால் நல்லதுதானே என்று தார்ச்சாலையிலும் இணைத்தபடியே ஓட்டினேன். ஒரு கொண்டையூசி வளைவில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். சேற்றிலும் சரளையிலும் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வேற்றுமையைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் அந்த முறுக்கு முழுவதும் பற்சக்கரங்களின் மேல் ஏறும். இப்படித்தான் பல பழைய வண்டிகள் பாழாகின்றன.

இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது. 'லோ'வில் இரண்டாம் கியரில் விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஓடையைக் கடந்தபின் பிரேக் நனைந்திருக்கும். மெல்ல அழுத்தி அழுத்தி உலர்த்தியபின்னரே வேகம் எடுக்க வேண்டும். கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதன்று. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் சுழலும் தண்டையே பிடிக்கிறது. ஓடும்போது அதை இழுத்தால் பெருங்கேடு. நிறுத்தியபின் இழுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கல்லும் வண்டியிலேயே பயணம் செய்கிறது.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், கோயம்புத்தூரிலிருந்து அன்பர் ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்த்துப் பழுதுபார்த்து வைத்திருப்பவர். உறவினர் திருமணத்துக்கு மலைக்கு வந்த இடத்தில் எங்கள் ஜீப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தவர், வண்டியைக் கண்டதும் திருமணத்தையே மறந்துபோனார்.

"ஃபாதர், முகத்தைப் பாருங்கள். ஒன்பது பிளவுகள். போருக்குப்பின் பொதுமக்களுக்காகச் செய்த சி.ஜே. வண்டிகளில் ஏழுதான் இருக்கும். விளக்குகளும் பெரிதாக முன்னே துருத்திக்கொண்டிருக்கும்" என்றார். நம் தாசில்தார்களும் வட்டார வளர்ச்சி அதிகாரிகளும் ஒரு காலத்தில் ஏறிச்சென்ற ஜீப், வில்லிஸின் உரிமம் பெற்று மகேந்திரா நிறுவனம் செய்த சி.ஜே.-3பி. அதன் பானெட் உயர்ந்து நிற்கும். இன்ஜினின் உயரம் கூடியதால் வந்த மாற்றம் அது. போர்க்கால வண்டியின் பானெட்டோ தாழ்ந்து மட்டமாயிருக்கும். பின்புறம் திறக்கும் கதவு இராது. உதிரிச் சக்கரம் பின்னால் தொங்கும். இவையெல்லாம் எங்கள் வண்டியில் இருந்தன. பின்பு அவர் ஓர் ஆணியின் தலையைத் தம் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினார். அதில் 'எஃப்' என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. ஃபோர்டு தன் உறுப்புகளில், ஆணிகளில்கூட, அவ்வெழுத்தைப் பொறித்துவிடுமாம். உடற்பகுதியில் இன்னும் ஐந்தாறு இடங்களில் அதே எழுத்தைக் கண்டார்.

"சந்தேகமேயில்லை, ஃபாதர். இது ஜி.பி.டபிள்யூ. முழு ஃபோர்டு" என்று கூறி, ஒரு தொகையையும் சொன்னார். தொகையை இங்கு எழுதப்போவதில்லை. மங்களூர் ஓடு வேய்ந்த எங்கள் கோயில் கூரையின் இருபுறச் சரிவுகளையும், உளுத்துப்போன சட்டங்களோடு சேர்த்து, முழுமையாக மாற்றுவதற்குத் தச்சர் கொடுத்திருந்த மதிப்பீட்டைவிட அது சற்றே அதிகம் என்று மட்டும் சொல்கிறேன். மறைமாவட்ட அனுமதி பெற்ற பின்னரே விற்க முடியும் என்றேன். "பெறுங்கள், பொங்கலுக்குப்பின் டிரெயிலரோடு வருகிறேன்" என்று அச்சாரமும் தந்துவிட்டு, தாலிகட்டு முடிந்த பிறகு திருமணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அனுமதி வந்தது. தச்சருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. மார்கழியில், இறுகிப்போயிருந்த ஒரு சக்கரத்தின் பிரேக்கை விடுவிப்பதற்காக வத்தலக்குண்டிலிருந்து எங்கள் பழைய மெக்கானிக் பாயை வரவழைத்தேன். எழுபதைக் கடந்தவர். அவர் வந்துசேரும்போது இருட்டிவிட்டது. விளக்கு எடுத்துவரச் சொன்னேன். "எதுக்கு ஃபாதர்?" என்று சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கி, முகப்பு விளக்கின் திருகைத் தளர்த்தி, விளக்கையே பின்புறமாகக் கவிழ்த்தார். ஒளி இன்ஜின்மேல் விழுந்தது. இரவில் பழுதுபார்ப்பதற்கென்று அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அதை நான் அறியவில்லை.

சாக்கை விரித்து அடியில் படுத்தவர் வெகுநேரம் எழவில்லை. பின்பு, "அந்தக் கோயம்புத்தூர்க்காரர் அடியில பாத்தாரா ஃபாதர்?" என்று வினவினார். பட்டு வேட்டியைப் பற்றிச் சொன்னேன். "அப்ப நீங்களாவது குனிஞ்சு பாருங்க" என்றார்.

குனிந்து பார்த்தால் தெரியவில்லை. நானும் படுக்க வேண்டியதாயிற்று. ரேடியேட்டருக்குக் கீழே, சேஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைப் பாய் தட்டிக் காட்டினார். அது உருண்டையான குழாய். "வில்லிஸ்னா குழாய். ஃபோர்டுன்னா கவுத்துப்போட்ட பெட்டி மாதிரி சதுரமா இருக்கும். இது வில்லிஸ் சேஸ், ஃபாதர். மேலே இருக்கிற பாடிதான் ஃபோர்டு." ஃபோர்டு தன் எண்ணை இடப்புறச் சட்டத்தின் மேற்பரப்பில் நேரடியாகப் பொறிக்கும். வில்லிஸோ அச்சட்டத்தின் உட்புறத்தில், முன்பம்பருக்கு அருகே, சிறு தகட்டை ஆணியடித்துப் பொருத்தும். மேற்பரப்பை எவ்வளவு சுரண்டியும் எண் இல்லை. உட்புறத்தில் பல பூச்சுகளுக்கு அடியில் ஒரு தகடு இருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க எம்.பி. என்று தொடங்கும் எண் தெளிவாயிற்று. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்து ஒப்பிட்டேன். அதே எண். புத்தகம் எப்போதும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் படித்ததில்லை.

"இன்ஜின்?" என்றேன். "அது போருக்குப் பிந்தினது. போர்க்கால இன்ஜின்ல உள்ளே டைமிங் செயின் இருக்கும், இதுல பல்சக்கரம். முப்பது வருஷத்துக்கு முந்தி மாத்திக் கொடுத்ததே நான்தானே" என்றார் பாய், எவ்விதக் கலக்கமுமின்றி.

இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. வில்லிஸ் வண்டியின் உறுப்பு ஃபோர்டில் பொருந்த வேண்டும், ஃபோர்டின் உறுப்பு வில்லிஸில் பொருந்த வேண்டும் என்பதே இராணுவத்தின் கட்டளை. பழுதுபட்ட வண்டிகளைப் பணிமனைகளில் பிரித்து, கிடைத்த சேஸில் கிடைத்த உடலைப் பூட்டி மீண்டும் அனுப்பினார்கள். எங்கள் மறைபரப்பாளர் ஏலத்தில் எடுத்தபோதே அது அப்படித்தான் இருந்திருக்கும். ஆயினும் நான் அச்சாரம் வாங்கியிருந்தது முழு ஃபோர்டுக்கு.

அடுத்த ஞாயிறன்று பங்குப் பேரவையில் இதைச் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்பு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "சாமி, நாம் அதை ஃபோர்டு என்று சொன்னோமா? அவராகவே சொன்னார். வண்டிகளைப் பற்றி நம்மைவிட அவருக்குத்தானே தெரியும்" என்றார். "மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவான். பார்க்காதது அவன் குற்றம்" என்றார் தோட்டக்காரர் ஒருவர். இவர்கள் தீயவர்கள் அல்லர். மழை நாட்களில் பூசைக்கு வந்து, கூரை ஒழுகும் இடத்தை விட்டுத் தள்ளித் தள்ளி அமர்கிறவர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று கூட்டத்தை முடித்தேன்.

உடனே மறுக்காமல் ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர்கள் சொன்னது எனக்கும் இனித்தது.

குருமடத்தில் நீதியைப் பற்றிய பாடத்தில், புனித அக்வினா தோமையார் எழுப்பும் ஒரு கேள்வியைப் படித்திருக்கிறோம். விற்கிறவன் தன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்பது கேள்வி. மறைந்திருக்கும் குறையால் வாங்குகிறவனுக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின் சொல்லியே ஆக வேண்டும். ஒற்றைக்கண் குதிரையைப் போலக் குறை வெளிப்படையாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் பிரிக்கிறார். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். இப்போது என் முன் நின்ற சிக்கல் இதுதான்: வண்டிக்கு அடியில் படுத்தால் எவருக்கும் தெரியக்கூடிய ஒரு குழாய், மறைந்த குறையா, வெளிப்படையான குறையா? மூன்று நாட்கள் அது வெளிப்படையானதே என்று எனக்கு நானே வாதாடினேன். முன்புறம் பகிரங்கமாக, கூச்சமின்றி அல்லவா இருக்கிறது அந்தக் குழாய்!

மூன்றாம் இரவு நல்ல மழை. கோயிலுக்குள் பித்தளைக் குடத்திலும் பிளாஸ்டிக் வாளியிலும் நீர் சொட்டும் ஓசை என் அறைவரை கேட்டது. எழுந்து அந்தப் பழைய பாடத்தைத் தேடி எடுத்தேன். நான் மறந்துவிட்ட ஒரு சிறு நிபந்தனை அங்கே இருந்தது. குறை வெளிப்படையாயிருந்து, அதற்கேற்ப விலையையும் குறைத்துக்கொண்டால்தான் விற்கிறவன் வாய்திறக்க வேண்டியதில்லை. நானோ ஒற்றைக்கண் குதிரைக்கு இரண்டு கண்களின் விலையை வாங்க அச்சாரம் பிடித்திருந்தேன்.

காலையில் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "அச்சாரத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்" என்றேன். "வேண்டாம் ஃபாதர், நானே வருகிறேன்" என்றார்.

இம்முறை பழைய கால்சட்டையில் வந்தார். ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் கிடந்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். "என்னைச் சொல்ல வேண்டும் ஃபாதர், முதலில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கல்யாணத்துக்குப் போய்விட்டேன்" என்று நகைத்தார். அன்று அவரிடமிருந்து நான் கற்றது, எங்களைப் போலவே பழைய வண்டிகளை வைத்திருக்கும் தோட்டங்களுக்கும் பங்குகளுக்கும் பயன்படலாம்.

புதுப்பூச்சு மின்னும் வண்டியைக் கண்டு மயங்கக் கூடாது என்றார். தம் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து உடல் முழுவதும் தடவினார். இரும்பில் ஒட்டியது, இரண்டு இடங்களில் ஒட்டாமல் நழுவியது. அங்கே துரு தின்ற இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். (காந்தம் லாண்ட்ரோவரில் உதவாது. போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகுப் பஞ்சம். 1948-ல் வெளிவந்த அந்த வண்டிக்கு உடற்பகுதியின் பெரும்பங்கை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதை வடிவமைத்த மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்ததும் ஒரு பழைய அமெரிக்க ஜீப்தான்.) இன்ஜின் மாறியிருப்பதை அவர் பெரிதாகக் கருதவில்லை, தேய்கிற பொருள் மாறத்தான் செய்யும் என்றார். சேஸ், அதன் எண், அந்த எண்ணைச் சொல்லும் ஆர்.சி. புத்தகம் ஆகிய மூன்றும் ஒத்திருப்பதையே முதலில் பார்க்க வேண்டும். எண்ணைச் சுரண்டியோ தட்டி மாற்றியோ இருக்கும் வண்டி எத்தனை அழகாயிருந்தாலும் அருகே போகக் கூடாது. அடுத்தது, சேஸும் உடலும் ஒரே நிறுவனத்தினவா என்பது. எங்கள் வண்டி முதலாவதில் தேறிற்று, இரண்டாவதில் தவறிற்று.

அவருக்கு இதில் இன்னொரு கவலையும் இருந்தது. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவுசெய்ய 2021-ல் மைய அரசு தனி விதிகளை வகுத்தது. 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸோ, உடலோ, இன்ஜினோ பெருமளவு மாற்றப்பட்டிருக்கக் கூடாது. அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாமேயன்றி அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. ஆக, நான் வாய் திறவாதிருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியது பெருமை மட்டுமன்று.

பிறகு அவர் சொன்னது எனக்கு வியப்பைத் தந்தது. எண் தெளிவாகப் பொறித்த ஃபோர்டு சேஸ் ஒன்று, உடலின்றி ஆறு ஆண்டுகளாக அவருடைய கொட்டகையில் கிடக்கிறதாம். "உங்கள் ஃபோர்டு உடலை எனக்குக் கொடுங்கள். உங்கள் வில்லிஸ் சேஸுக்கு அரியானாவின் மண்டி டப்வாலியிலிருந்து புதிய உடல் வரவழைத்துப் பூட்டித் தருகிறேன். அங்கே ஜீப் உடல் செய்வது ஒரு குடிசைத் தொழில் மாதிரி. மேற்கொண்டு பணமும் தருகிறேன்" என்றார். முதலில் சொன்ன தொகையில் அது பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் வண்டி எங்களிடமே இருக்கும். மேட்டு ஊர்களுக்குப் போகும். போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்றே செய்ய வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பேரவை இசைந்தது.

எல்லாம் முடிந்தது என்று எண்ணிய வேளையில் பானெட் குறுக்கே வந்தது.

இரண்டாம் உலகப் போரில் இராணுவக் குருக்கள் ஜீப்பின் பானெட்டையே பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றிய நிழற்படங்களை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். எங்கள் மறைபரப்பாளரும் அப்படித்தான் செய்தாராம். மேட்டு ஊர்களில் சிற்றாலயம் எழும்பும்வரை, பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பானெட்டின் மேல் வெள்ளைத் துணியை விரிப்பாராம். உடலைக் கழற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மேட்டு ஊர்ப் பெண்கள் பதினைந்து பேர் நடந்தே இறங்கி வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்த பாட்டி, "சாமி, எனக்குப் புதுநன்மை கொடுத்தது இந்தத் தகரத்துமேலேதான். இதைக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது" என்றார்கள். திருச்சபைச் சட்டப்படி எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று அவர்களிடம் வாதிட நான் முற்படவில்லை.

கோயம்புத்தூர் அன்பருக்கோ அந்தப் பானெட் பெரிதும் வேண்டியிருந்தது. ஏனெனில் அதன் பக்கவாட்டில் ஈரமான உப்புத்தாளைக் கொண்டு பாய் மெதுவாகத் தேய்த்தபோது, நீலம், சாம்பல், பச்சை என்று ஒவ்வொரு பூச்சாக விலகி, அடியில் மங்கிய இலக்கங்கள் தோன்றின. முதல் இரண்டும் 2, 0. அமெரிக்க இராணுவம் ஜீப்புகளுக்கு வழங்கிய பதிவெண்கள் அவ்வாறுதான் தொடங்கும். அதைக் கண்டவர், கேட்டால் இன்னும் தருவதாகச் சொன்ன தொகை, கூரையின் மறுசரிவிலும் பெரும்பகுதியை முடித்திருக்கும். நான் பாட்டியின் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பின்பு தம் கைப்பேசியில் அந்த இலக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டு, "சரி ஃபாதர், பானெட் உங்களுக்கே" என்று சொல்லி எழுந்தார். எழும்போது அவருடைய குரலில் இருந்த வருத்தம் நடிப்பன்று.

சித்திரையில் வண்டி திரும்பி வந்தது. புதிய உடலுக்குக் கரும்பச்சை வண்ணம். பானெட்டுக்கு மட்டும் வண்ணம் அடிக்கவில்லை. தேய்த்த இடமும் தேய்க்காத இடமுமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது. புதிய முகப்பில் ஏழு பிளவுகள்தான். ஒன்பது இல்லையே என்று ஊர்ச் சிறுவர்கள் எண்ணிப் பார்த்துக் குறைகூறுகிறார்கள். கோயிலின் தெற்குச் சரிவுக்குப் புதிய ஓடு வேய்ந்தாயிற்று. வடக்குச் சரிவில் வாளிகள் இன்னும் இருக்கின்றன. கைப்பிரேக் மறுபடியும் சரியாகப் பிடிப்பதில்லை. அடுத்த செவ்வாயன்று பாய் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கல்லை வண்டியிலிருந்து எடுக்க வேண்டாமென்று கோயில்பிள்ளையிடம் கூறியிருக்கிறேன்.